ஐந்நூறு கெஜத்துக்கு ஒரு துப்பாக்கி

வேட்டைத் துப்பாக்கியின் துல்லியத்தைக் கூட்டுவது பற்றிப் பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் எந்தக் குழல் வாங்கலாம், எந்த வெடிமருந்து போடலாம் என்பதிலேயே போய் நிற்கிறது; எவ்வளவு துல்லியம் போதும் என்ற கேள்வி கடைசிவரை வருவதே இல்லை. கொலராடோவில் இலையுதிர்காலந்தோறும் எல்க் என்னும் பெரிய மானையும் மான் போன்ற சிறிய ப்ராங்ஹார்னையும் தேடிப் போகும் எனக்கு, அந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டியதாகப் படுகிறது. என்னிடம் இருப்பது இரண்டாம் கையாக வாங்கிய, போல்ட் என்னும் அடைப்புத் தண்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்; அதன் தோட்டா 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம். 1962-ல் வெளிவந்து, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அமெரிக்க மேற்கு மாநிலங்களின் மலைவேட்டையில் புழங்கிவரும் இந்தத் தோட்டாவுக்கு ஐந்நூறு கெஜத்தில் ஓர் எல்க்கை வீழ்த்தும் ஆற்றல் தாராளமாக உண்டு. கடையில் வாங்கிய தோட்டாக்களை வைத்துச் சுட்டபோது நூறு கெஜத்தில் ஒன்றரை அங்குல அகலத்துக்குக் குண்டுகள் சிதறின. அந்தச் சிதறலை எதுவரை குறைக்கலாம், எதற்குச் செலவு செய்வது தகும், எது வீண் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தூரம் மாறிக்கொண்டே இருக்கும்போது சிதறலை அங்குலத்தில் சொல்வதைவிடக் கோணத்தில் சொல்வதே வசதி. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஓர் எம்.ஓ.ஏ.; நூறு கெஜத்தில் அது 1.047 அங்குலம், ஐந்நூறு கெஜத்தில் ஏறத்தாழ ஐந்தேகால் அங்குலம். ப்ராங்ஹார்னின் நெஞ்சில் குண்டு பட வேண்டிய இடம் சுமார் எட்டு அங்குல வட்டம். எல்க்குக்கு அது ஓர் அடியைத் தொடும். ஆகவே ஒன்றரை எம்.ஓ.ஏ. சுடும் துப்பாக்கி, ஐந்நூறு கெஜத்தில் ப்ராங்ஹார்னின் அந்த வட்டத்தை முழுவதுமாகத் தானே எடுத்துக்கொண்டுவிடும்; காற்றுக்கும் தூரக் கணிப்புக்கும் சுடுகிறவரின் உடல் நடுக்கத்துக்கும் மிச்சம் எதுவும் வைக்காது. ஒரு எம்.ஓ.ஏ.வுக்குக் கீழே கொண்டுவந்தால் நிலைமை வெகுவாக மாறும். ஆனால் அங்கிருந்து அரை, கால் என்று இறங்கிக்கொண்டே போவதால் கிடைக்கும் பலன் வேகமாகத் தேய்ந்துவிடுகிறது, ஏனென்றால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பிழைகள் நேராகக் கூடுவதில்லை, வர்க்கங்களாகக் கூடுகின்றன. காற்றை மதிப்பிடுவதில் நேரும் பிழை நான்கு அங்குலம், துப்பாக்கியின் பிழை இரண்டு அங்குலம் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் ஆறு அல்ல, ஏறத்தாழ நாலரை. துப்பாக்கியின் பிழையைப் பாதியாக்கி ஓர் அங்குலத்துக்குக் கொண்டுவந்தாலும் மொத்தம் 4.1 வரைதான் இறங்கும். அந்த 0.4 அங்குலத்துக்காகத்தான் பலர் ஒரு புதிய குழலுக்கும் அதற்கேற்ற கருவிகளுக்கும் ஆயிரக்கணக்கான டாலரைக் கொட்டுகிறார்கள்.

துல்லியத்தைக் கூட்டுவதற்கு முன்னால் அதை அளக்கத் தெரிய வேண்டும். இந்தப் பொழுதுபோக்கில் மிகப் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. டல்லாஸில் இருக்கும் நண்பர் ஒருவர் புதிய மருந்து ஒன்றை முயலும்போதெல்லாம் மூன்று துளைகள் ஒன்றையொன்று தொடும் தாளைப் படமெடுத்து, “அண்ணே, அரை எம்.ஓ.ஏ. ஆயிடுச்சு!” என்று அனுப்புவார். “அதே தாளில் இன்னும் ஏழு சுட்டு அனுப்புங்க தம்பி” என்பதே என் வழக்கமான பதில். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அடுப்படிக்குச் சரி. குறி மேடையில் அது செல்லாது. குண்டுகள் மையத்தைச் சுற்றித் தற்செயலாகவே சிதறுகின்றன. மூன்று குண்டுக் குரூப்புகளை (ஒரே குறியில் அடுத்தடுத்துச் சுட்ட துளைகளின் கூட்டத்தை)ச் சராசரியாக ஓர் அங்குலத்துக்குள் போடும் துப்பாக்கி, தன்னில் எந்த மாற்றமும் இல்லாமலே, ஐந்து குண்டுக் குரூப்புகளைச் சராசரியாக 1.27 அங்குலத்துக்கும், பத்துக் குண்டுக் குரூப்புகளைச் சுமார் 1.6 அங்குலத்துக்கும் விரிக்கும். அதோடு, பல மூன்று குண்டுக் குரூப்புகளைச் சுட்டு, அவற்றுள் சிறியதை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதே நம் இயல்பாக இருப்பதால், காகிதத்தில் உள்ள துப்பாக்கிக்கும் கையில் உள்ள துப்பாக்கிக்கும் இடைவெளி இன்னும் அகலமாகிறது.

வேகத்தை அளப்பதிலும் இதே சிக்கல்தான். முன்பு வெளிச்சத்தை நம்பி நிற்கும் திரைகளை வைத்து அளந்தார்கள். இப்போது 2023-ல் வந்த கார்மின் சீரோ போன்ற, உள்ளங்கையளவு ராடார் பெட்டி ஒன்றை மேசையில் வைத்துவிட்டால் போதும். கருவி எளிதாகிவிட்டதால் எண்களின் மேல் நம்பிக்கையும் மிதமிஞ்சிவிட்டது. ஐந்து குண்டு சுட்டு, வேகத்தின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து குண்டுகள் விலகும் அளவு) விநாடிக்கு 10 அடி என்று கருவி காட்டினால், உண்மையான விலக்கம் 6 முதல் 29 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்றே புள்ளியியல் சொல்லும். இருபது குண்டு சுட்டால்தான் அந்த இடைவெளி 7.6 முதல் 14.6 வரை என்று ஓரளவு உருப்படியாகச் சுருங்கும். ஐந்து குண்டில் 8 காட்டிய மருந்தை வைத்துக்கொண்டு 12 காட்டியதைத் தூக்கி எறிவதும், காசைச் சுண்டிப் பார்த்து முடிவெடுப்பதும் ஏறக்குறைய ஒன்றே.

ஆகவே நான் ஒரு மாற்றத்தை ஏற்பதற்கு முன் பத்துக் குண்டாவது சுடுகிறேன். மெல்லிய வேட்டைக் குழல் சூடேறிவிடும் என்பதால் அதை ஐந்தைந்தாகப் பிரித்து, இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கிறேன். இதைவிட முக்கியமானது இன்னொரு தாள். குறி மேடைக்குப் போகும் ஒவ்வொரு முறையும், குழல் குளிர்ந்திருக்கும்போது சுடும் முதல் குண்டை மட்டும் அந்த ஒரே தாளில் சுடுவேன்; பிறகு அதைச் சுருட்டிப் பையில் வைத்துவிடுவேன். வெயில், குளிர், காலை, மாலை என்று மாதக்கணக்கில் அதில் துளைகள் சேர்கின்றன. வேட்டையில் கணக்கில் வருவது அந்த முதல் குண்டுதான் என்பதால், என் துப்பாக்கியைப் பற்றி நான் நம்பும் ஒரே சான்றிதழ் அந்தத் தாள்.

இனி துப்பாக்கிக்கு வருவோம். சரியாகச் சுடாத துப்பாக்கியைப் பார்த்தால் முதலில் எடுக்க வேண்டியது பணப்பை அல்ல, முறுக்குவிசை அளவோடு கூடிய ஸ்க்ரூ டிரைவர். ஆக்‌ஷனை (போல்ட் இயங்கும் உலோக உடலை) ஸ்டாக்கோடு (பிடித்துச் சுடும் கட்டையோடு) பிடித்து நிறுத்தும் இரண்டு திருகுகளும், ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை)த் தாங்கும் வளையங்களின் திருகுகளும் ஒவ்வொரு முறையும் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும். ஸ்கோப் வளையத் திருகுகளுக்கு 15 முதல் 18 அங்குல-பவுண்டு போதுமானது. கை வலிமையைக் காட்டி இறுக்கினால் ஸ்கோப்பின் உடல் நசுங்கும். அடுத்து, ஒரு டாலர் நோட்டை இரண்டாக மடித்துக் குழலுக்கும் ஸ்டாக்கின் முன்பகுதிக்கும் நடுவே நுழைத்துச் சேம்பர்வரை (குழலில் தோட்டா உட்காரும் அறைவரை) இழுத்துப் பார்க்க வேண்டும். எங்காவது சிக்கினால், குழல் அதிரும்போது மரமோ பிளாஸ்டிக்கோ அதைத் தொடுகிறது என்று பொருள். அந்தத் தொடுகை வெயிலிலும் ஈரத்திலும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் குண்டு விழும் இடமும் கூடவே நகரும். உப்புத்தாளை ஒரு குழாயில் சுற்றித் தேய்த்தால் ஒரு மாலையில் தீரும் வேலை அது.

ஆக்‌ஷனை எபாக்சியில் படிய வைக்கும் பெட்டிங் வேலைதான், என் அனுபவத்தில், செலவுக்கும் பலனுக்கும் உள்ள கணக்கில் முதலிடம் பெறுவது. துப்பாக்கி உதைக்கும்போது அந்த உதை முழுவதையும் வாங்கிக்கொள்வது ஆக்‌ஷனின் அடியில் உள்ள ரிகாயில் லக் என்னும் தடித்த எஃகுக் கட்டி. அது ஸ்டாக்கில் வெட்டிய பள்ளத்தில் எங்கோ ஒரு மூலையில் மட்டும் முட்டிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் ஆக்‌ஷன் மயிரிழை வேறுபாட்டில் போய் உட்காரும். இதற்காக ஸ்டாக்கின் பள்ளத்தை ஒரு மி.மீ.க்கு மேல் சுரண்டிவிட்டு, படகுகளின் ஓட்டையை அடைக்கப் பயன்படும் மெரைன்-டெக்ஸ் போன்ற எபாக்சியை அதில் நிரப்பி ஆக்‌ஷனை அழுத்தி வைக்க வேண்டும். அதற்கு முன்னால் செய்யும் ஆயத்தம்தான் முழு வேலையும். ஆக்‌ஷனின் துளைகளையும் பள்ளங்களையும் குழந்தைகள் விளையாடும் களிமண்ணால் அடைத்துப் பிளேடால் மட்டமாக வழித்துவிட வேண்டும். லக்கின் முன்புறத்திலும் பக்கங்களிலும் அடியிலும் டேப் ஒட்டிப் பின்புறத்தை மட்டும் வெறுமையாக விட வேண்டும், உதை அந்தப் பின்முகத்தில்தான் விழ வேண்டும் என்பதால். பிறகு இரும்பில் எபாக்சி ஒட்டாமலிருக்க எல்லா இடத்திலும் மெழுகு தடவ வேண்டும். நிறமற்ற ஷூ பாலிஷே இதற்கு மிக நன்றாக வேலை செய்கிறது. மறுநாள் திருகுகளைக் கழற்றி, குழலைப் பிடித்து மேல்நோக்கி ஆட்டினால் சட்டென்ற ஓசையோடு ஆக்‌ஷன் கழன்று வரும். உள்ளே தெரிவது அதன் அச்சு அசல் வார்ப்பு. ஆக்‌ஷனில் பொறித்த எழுத்துகள்கூடத் தலைகீழாகப் பதிந்திருக்கும். அலுமினியச் சட்டகம் உள்ளே பதித்த ஸ்டாக் வாங்குகிறவர்கள் இந்த வேலையைப் பணமாகக் கொடுத்து முடித்துவிடுகிறார்கள்; அதிலும் தவறில்லை.

டிரிகர் துப்பாக்கியின் துல்லியத்தைக் கூட்டுவதில்லை, சுடுகிறவரின் துல்லியத்தைக் கூட்டுகிறது. நாலரை பவுண்டு இழுவை இரண்டரை பவுண்டாகி, இழுவையின் தொடக்கத்தில் இருந்த கரகரப்பும் போய்விட்டால், எட்டு பவுண்டு எடையுள்ள துப்பாக்கியைத் தரையில் படுத்துப் பிடித்திருக்கும் ஆள் அதை அசைக்காமல் சுட முடிகிறது. குளிரில் கையுறையோடு சுட வேண்டிய வேட்டைத் துப்பாக்கிக்கு அதற்குக் கீழே போவது அபாயம். ஸ்கோப்பைப் பொறுத்தவரை கண்ணாடியின் தெளிவைவிட, திருகு வட்டைச் சுற்றிய அளவுக்கு அது உண்மையாகவே நகர்கிறதா என்பதே கேள்வி. நூறு கெஜத்தில் ஓர் உயரமான அட்டையில் செங்குத்துக் கோடு ஒன்று வரைந்து, அடியில் ஒரு குண்டு சுட்டுவிட்டு, திருகு வட்டைப் பத்து மில் (ஒரு மில் என்பது நூறு கெஜத்தில் 3.6 அங்குலம்) ஏற்றி மறுபடி சுட்டால், இரண்டுக்கும் நடுவே சரியாக 36 அங்குலம் இருக்க வேண்டும். 35 இருந்தால், தோட்டாவை எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாலும் தூரத்தில் குண்டு கீழேதான் போகும்.

தோட்டாவை வீட்டிலேயே நிரப்புவது அமெரிக்காவில் பழைய பழக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் எஞ்சிய ராணுவ மருந்தை வாங்கி விற்கத் தொடங்கிய புரூஸ் ஹாட்ஜனின் பெயர் இன்றும் மருந்து டப்பாக்களில் நிற்கிறது. காசை மிச்சம் பிடிக்கவே அன்று பலர் இதில் இறங்கினார்கள். இன்று மிச்சம் என்று ஒன்றும் பெரிதாக இல்லை. ஒரே சேம்பருக்கு என்று அளவெடுத்துத் தோட்டா செய்ய முடிகிறது என்பதே இன்று இதில் இறங்கக் காரணம். சுட்ட பித்தளைக் கூட்டை டை என்னும் எஃகு அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது, அடிபட்டதும் தீப்பொறி தரும் பிரைமரைப் புதிதாகப் பொருத்துவது, மருந்தை நிறுத்துப் போடுவது, கூட்டின் குறுகிய வாயான கழுத்தில் குண்டை இருத்துவது என்று வேலை நான்கே படிகளில் முடிந்துவிடும். நுணுக்கம் முழுவதும் முதல் படியில் இருக்கிறது.

அதிலும் இந்தத் தோட்டாவுக்கு அது இரு மடங்கு பொருந்தும், ஏனென்றால் இதன் அடியில் வளையம்போல் தடித்த ஒரு பட்டை உண்டு. இதன் மூதாதையாக 1912-ல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் தோட்டாவின் தோள் (கூடு கழுத்தாகக் குறுகும் சரிவு) மிகவும் சரிவாக இருந்ததால், சேம்பருக்குள் அது எவ்வளவு ஆழத்தில் போய் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க அந்தப் பட்டை தேவைப்பட்டது. 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னத்துக்கோ 25 பாகைக் கோணத்தில் தெளிவான தோள் இருக்கிறது. பட்டை அதற்கு ஒரு குலச்சின்னம், அவ்வளவுதான். ஆனால் தொழிற்சாலைகள் பட்டையை வைத்தே சேம்பரின் ஆழத்தை அளப்பதால் தோளுக்கு முன்னால் தாராளமாக இடம் விட்டுவிடுகின்றன. சுடும்போது கூடு முன்னோக்கி நீண்டு அந்த இடத்தை நிரப்புகிறது. டையில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு முழுதாக அழுத்தினால் தோள் பழைய இடத்துக்கே தள்ளப்பட்டு, அடுத்த சூட்டில் மறுபடி நீள்கிறது. சில முறை இப்படி நடந்தால் பட்டைக்குச் சற்று மேலே சுவர் மெலிந்து, ஒரு நாள் கூடு அங்கேயே இரண்டாக அறுந்து, மேல் பாதி சேம்பருக்குள் சிக்கிக்கொள்ளும்.

இதற்குத் தீர்வு எளிது: பட்டையை மறந்துவிட்டுத் தோளை அளக்க வேண்டும். சுட்ட கூட்டின் அடியிலிருந்து தோளின் நடுவரைக்கும் உள்ள நீளத்தை, அதற்கென்று வெர்னியர் காலிப்பரில் பொருத்தும் துண்டை வைத்து அளந்து, டையை அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு மட்டும் தோளைப் பின்தள்ளும் உயரத்தில் பூட்டிவிடலாம். போல்ட் தடங்கலில்லாமல் மூடுவதற்கு அவ்வளவு போதும். கூடு சேம்பரின் நடுவில் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நிற்பதால் துல்லியமும் கூடுகிறது, கூட்டின் ஆயுளும் கூடுகிறது. அப்படியும் ஒவ்வொரு சுற்றிலும் காகிதக் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, நுனியைக் கொக்கிபோல் வளைத்து, கூட்டின் உள்ளே விட்டு அடியிலிருந்து மேலே சுரண்டிக்கொண்டு வருவேன். பட்டைக்கு மேலே கொக்கி ஒரு பள்ளத்தில் தட்டுப்பட்டால் அந்தக் கூடு பழைய இரும்புப் பெட்டிக்குப் போய்விடும்.

கழுத்துக்கு வருவோம். அழுத்தவும் விரியவும் பித்தளை இறுகிக்கொண்டே போகும். இறுகிய கழுத்து குண்டைப் பிடிக்கும் பிடியும் கூட்டுக்குக் கூடு மாறும். அதனால் கழுத்தையும் தோளையும் மட்டும் சில விநாடிகள் சூடாக்கி இளக்க வேண்டியிருக்கிறது. நியூசிலாந்தில் செய்யப்படும் ஏ.எம்.பி. என்னும் மின்தூண்டல் எந்திரம் இதைப் பொத்தானைத் தட்டினால் செய்துவிடும். விலைதான் ஒரு நல்ல ஸ்கோப்பின் விலை. காஸ் விளக்கும் நிதானமும் இருந்தாலும் வேலை நடக்கும், ஆனால் கூட்டின் அடிப்பகுதிக்குச் சூடு ஏறவே கூடாது. அங்கே பித்தளை இளகினால் அழுத்தத்தைத் தாங்காது. இளக்கிய பிறகு, குண்டின் விட்டத்தைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு சிறியதாக இருக்கும்படி உள்ளே ஓர் எஃகுக் கம்பியைச் செலுத்திக் கழுத்தை ஒரே அளவாக்குகிறேன். குண்டை இருத்தும்போது பிரஸ்ஸின் கைப்பிடியில் அது நன்றாகவே தெரியும். ஒரு கூடு வெண்ணெய்போல் வாங்கி, அடுத்தது முரண்டு பிடித்தால், அந்த இரண்டும் ஒரே இடத்தில் போய் விழும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

பிரைமர் துளையின் பிசிறை நீக்குவது, கழுத்தின் சுவரைக் கடைந்து மெல்லியதாக்குவது, கூடுகளை எடைபோட்டுப் பிரிப்பது ஆகியவற்றை நல்ல பித்தளை வாங்கினால் விட்டுவிடலாம். மருந்தை 0.02 கிரெயின்வரை (ஒரு கிரெயின் என்பது ஏறத்தாழ ஒரு கிராமில் பதினைந்தில் ஒரு பங்கு) நிறுக்கும் தராசும் இந்த அளவு கூட்டுக்கு வேண்டியதில்லை. அறுபது கிரெயினுக்கு மேல் மருந்து கொள்ளும் கூட்டில் 0.1 கிரெயின் என்பது சில துகள்கள். விநாடிக்கு நான்கைந்து அடி வேகத்தைத்தான் அது மாற்றும்.

மருந்தின் தேர்வு அப்படிப்பட்டதல்ல. ஆகஸ்டு மாத வெயிலில் 85 டிகிரி பாரன்ஹீட்டில் சுட்டுச் சரிபார்த்த தோட்டாவை, நவம்பரில் ஒன்பதாயிரம் அடி உயரத்தில், 15 டிகிரியில் சுடுகிறோம். வெப்பத்துக்கு எளிதில் மசியும் மருந்துகள் ஒரு டிகிரிக்கு விநாடியில் ஓர் அடிவரைகூட வேகத்தை இழக்கின்றன. எழுபது டிகிரிக்கு எழுபது அடி. ஆஸ்திரேலியாவின் மல்வாலாவில் செய்யப்பட்டு ஹாட்ஜனின் பெயரில் விற்கப்படும் ஹெச்-1000 போன்ற மருந்துகள் இந்த மாற்றத்தை மிகச் சிறிதாக்கிவிடுகின்றன. சில குரூப்புகளில் ஒரு மயிரிழை பின்தங்கினாலும் மலைவேட்டைக்கு நான் தேர்ந்தெடுப்பது இத்தகைய மருந்தைத்தான்.

மருந்தின் அளவை நான் எழுதப்போவதில்லை. ஒரு சேம்பரில் அமைதியாக வேலை செய்யும் அளவு இன்னொரு சேம்பரில் போல்ட்டைப் பூட்டிவிடும். இந்தத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பு வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 61,000 பவுண்டு. முகத்துக்கு ஒரு சாண் முன்னால் அது நிகழ்கிறது. அச்சிட்ட கையேட்டின் தொடக்க அளவிலிருந்து சிறிது சிறிதாக ஏறுவதும், போல்ட் தூக்கக் கடினமானாலோ கூட்டின் அடியில் (கூட்டை வெளியே தள்ளும் உறுப்பான) எஜெக்டரின் பளபளப்பான தழும்பு விழுந்தாலோ உடனே இறங்குவதும், மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாவை மட்டும் வைப்பதும் பேரம் பேச முடியாத விதிகள். உச்ச வேகத்துக்குக் கீழே ஐம்பது அடியை விட்டுக்கொடுத்தால் ஐந்நூறு கெஜத்தில் மானுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. கூட்டின் பிரைமர் குழிக்குத் தெரியும்.

வேகத்தின் ஒழுங்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. திட்ட விலக்கம் 10 அடி என்றால், பத்துக் குண்டில் வேகமானதற்கும் மெதுவானதற்கும் வேறுபாடு ஏறத்தாழ 30 அடி. நூறு கெஜத்தில் அது காகிதத்தில் தெரியவே தெரியாது. அறுநூறு கெஜத்தில் ஏறத்தாழ இரண்டு அங்குல ஏற்ற இறக்கம். ஆயிரம் கெஜத்தில் ஆறு. ஆக, ஆயிரம் கெஜத்தில் பரிசுக்காகச் சுடுகிறவர் 10-ஐ 5 ஆக்கப் பாடுபடுவதில் நியாயம் இருக்கிறது. ஐந்நூறு கெஜத்தில் நின்றுவிடும் வேட்டைக்காரருக்கு அது ஒரு அங்குலத்துக்கும் குறைவான லாபம்.

குண்டை எவ்வளவு ஆழத்தில் இருத்துவது, குண்டைச் சுழற்றும் குழலின் வரிகள் தொடங்கும் இடத்துக்கு எவ்வளவு முன்னால் நிறுத்துவது என்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். குண்டின் நுனி ஒழுங்கற்றது என்பதால் அதன் பக்க வளைவிலிருந்து அளக்க வேண்டும் என்பதும், மேகஸினுக்குள் நுழையாத தோட்டா வேட்டைக்கு உதவாது என்பதும் நினைவிருந்தால் போதும். அகன்ற இடைவெளிகளில் சில ஆழங்களை முயன்று, பத்துக் குண்டில் வெளிப்படையாக மோசமாக இருப்பதை ஒதுக்கினால் மிஞ்சுவது நல்லதாகவே இருக்கும். குண்டை வேறு தயாரிப்புக்கு மாற்றினால் வரும் வேறுபாடு, ஆழத்தை ஆயிரத்தில் மூன்று பங்கு மாற்றினால் வருவதைவிடப் பல மடங்கு பெரியது.

குண்டின் தேர்வில்தான் காகிதம் சுடுகிறவரும் வேட்டைக்காரரும் பிரிகிறார்கள். 1946-ல் ஜான் நோஸ்லர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சேறு அப்பிய ஒரு மூஸை (மிகப் பெரிய மானை)ச் சுட்டபோது, குண்டு உள்ளே போகாமல் மேலேயே சிதறியது. குறி தவறவில்லை, குண்டு கைவிட்டது. நடுவே செம்புச் சுவர் வைத்து, முன்பாதி விரிந்தாலும் பின்பாதி உருக்குலையாமல் உள்ளே போகும்படி அவர் செய்த பார்ட்டிஷன் குண்டு 1948-ல் விற்பனைக்கு வந்தது, இன்றும் விற்கிறது. அதைவிடச் சிறிய குரூப் போடும் குண்டுகள் இன்று ஏராளம். ஆனால் எந்த வேகம்வரை அது உடலுக்குள் ஒழுங்காக விரியும் என்று தயாரிப்பாளர் சொல்லும் எண்ணைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். நோஸ்லரின் அக்யூபாண்டுக்கு அது விநாடிக்கு 1,800 அடி. ஒரு தோட்டாவின் வேட்டைத் தூரம் அந்த வேகத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் துப்பாக்கி கால் எம்.ஓ.ஏ. சுட்டாலும் ஊசித்துளை போட்டுவிட்டு விலங்கைத் தவிக்க விடும். முழுச் செம்புக் குண்டுகள் ஈயத்தைவிட நீளமானவை என்பதால் அவற்றைச் சுழற்றி நிலைநிறுத்த வரியின் முறுக்கு வேகமாக இருக்க வேண்டும். என் குழலின் முறுக்கு 9.5 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதால், மிக நீளமான குண்டுகளை அது ஏற்காது.

பெட்டிங், டிரிகர், தோளை அளந்து அழுத்திய கூடு, ஒத்துப்போன குண்டு, வெப்பத்துக்கு மசியாத மருந்து ஆகிய இவ்வளவில் என் துப்பாக்கி பத்துக் குண்டில் ஒரு எம்.ஓ.ஏ.வை ஒட்டி வந்து நின்றது. அங்கிருந்து மேலே போக விரும்புகிறவருக்கு வழி புதிய குழல்தான். விஸ்கான்சினின் கிரீகர் அல்லது மொன்டானாவின் ப்ரூஃப் ரிசர்ச் போன்றவர்களிடம் வாங்கி, நல்ல கன்ஸ்மித் ஒருவரிடம் கொடுத்துச் சேம்பரை இறுக்கமாக வெட்டச் சொல்ல வேண்டும். மற்ற எல்லா மாற்றங்களையும் சேர்த்தால் கிடைப்பதைவிட அது அதிகம் தரலாம். ஆனால் மேக்னம் குழல் ஆயிரத்திலிருந்து ஆயிரத்தைந்நூறு சூட்டுக்குள் தொண்டை (வரிகள் தொடங்கும் இடம்) அரித்துப்போகும் பண்டம் என்பதையும் மறக்கக் கூடாது. மருந்துப் பரிசோதனைக்கே அதில் பாதியைத் தீர்த்துவிடுகிறவர்களும் உண்டு.

மீண்டும் காற்றுக்கு வருகிறேன், ஏனென்றால் ஐந்நூறு கெஜத்தில் கணக்கைத் தீர்ப்பது அதுதான். மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்காக வீசும் காற்று, நல்ல உருவமைப்புள்ள 162 கிரெயின் குண்டைக்கூட அந்தத் தூரத்தில் சுமார் ஓர் அடி தள்ளும். கொலராடோவின் வடகிழக்கில் பானி தேசியப் புல்வெளியில் சுட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும்: காலடியில் புல் ஒரு பக்கம் சாயும், நடுவில் உள்ள பள்ளத்தில் எதிர்ப்பக்கம் சாயும், இலக்கின் அருகே அசைவே இருக்காது. மூன்று மைல் பிழையாக மதிப்பிட்டால் மூன்று, நான்கு அங்குலம் போய்விடும். அதோடு குண்டு போய்ச் சேர அரை விநாடிக்கு மேல் ஆகிறது. மேய்ந்துகொண்டிருக்கும் விலங்கு ஓரடி எடுத்து வைக்க அது போதும், அதற்கு எந்தக் கைநிரப்பலும் மருந்தில்லை.

இதனால்தான் 1887-ல் தியடோர் ரூஸ்வெல்ட் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கிளப், விலங்கின் புலன்களுக்கு எட்டாத தூரத்திலிருந்து சுடுவது நியாயமான வேட்டையாகாது என்ற நிலைப்பாட்டை எடுத்திருக்கிறது. ஐடஹோ மாநிலம் இன்னொரு வழியில் வேலி போட்டிருக்கிறது: பெருவிலங்கு வேட்டைக்கு 16 பவுண்டுக்கு மேல் எடையுள்ள துப்பாக்கி கூடாது. கொலராடோவில் எல்க்குக்கு 85 கிரெயினுக்குக் குறையாத குண்டும், நூறு கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றலும் வேண்டும் என்று கீழ் எல்லையைத்தான் சட்டம் வகுக்கிறது. மேல் எல்லையை அவரவரே போட்டுக்கொள்ள வேண்டியதுதான். என் எல்லை, காற்று அடங்கிய காலையில், தரையில் படுத்து, பின்பக்கத்தில் மணல் பை வைத்துச் சுட முடிந்தால் ஐந்நூறு. உட்கார்ந்து, குச்சித் தாங்கியில் சாய்த்துச் சுடுவதானால் முந்நூறு. காற்று புல்லைப் படுக்க வைக்கிறதென்றால் இன்னும் நெருங்கிப் போக வேண்டியதுதான்.

குழல் தேய்ந்த பிறகு என்ன செய்வது என்ற யோசனை இப்போதே தொடங்கிவிட்டது. 2022-ல் வந்த 7 மி.மீ. பி.ஆர்.சி. தோட்டாவில் பட்டைத் தொல்லை இல்லை, 8 அங்குல முறுக்கோடு நீளமான குண்டுகளுக்கென்றே வரையப்பட்டது; புதிதாகத் தொடங்குகிறவர் கேட்டால் அதைத்தான் சொல்வேன். என்னிடமோ இந்தச் சேம்பருக்கே பழகிய கூடுகள் டப்பா டப்பாவாக இருக்கின்றன, டைகளும் இருக்கின்றன. ஆகவே பழைய தோட்டாவையே வைத்துக்கொண்டு, குழலை மட்டும் 8 அங்குல முறுக்கில் மாற்றி, சேம்பரின் தோளைத் தொழிற்சாலை விட்டதுபோல் தாராளமாக விடாமல் நெருக்கி வெட்டச் சொல்லலாம் என்றிருக்கிறேன். பழைய கூடுகளின் தோள் அந்தப் புதிய சேம்பருக்குள் நுழைய வேண்டுமே என்பதால், அவற்றில் சிலவற்றைக் குழலோடு சேர்த்தே கன்ஸ்மித்திடம் கொடுத்துவிட வேண்டும்.